மைஎஸ்க்யூஎல்லேருந்து போஸ்ட்கிரஸுக்கு மாத்தியாச்சு, இப்ப ஏதோ தப்பா தெரியுதா? கண்ணுக்குத் தெரியறதை வச்சே பிழையைப் பிடிக்கலாம்

மன்னார்குடி பக்கம் ஒரு நெல் வியாபாரக் கடைக்கு பத்து வருஷத்துக்கு மேல ஓடின வெப் அப்ளிகேஷன். விவசாயி பேரு, ஊரு, போகம், மூட்டைக் கணக்கு, எடை, பாக்கி, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் அதுலதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருந்ததை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாத்தினேன், அதுக்கப்புறம் கும்பகோணம், திருவாரூர் பக்கம் ரெண்டு மூணு இடத்துக்கும் இதே வேலையைச் செஞ்சேன், ஒவ்வொரு இடத்துலயும் திரும்பத் திரும்ப வந்த பிரச்சனைங்களை இங்க எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, பழைய டேட்டாபேஸை அழிக்காதீங்க, எழுத முடியாதபடி ரீட்-ஒன்லியா வச்சிருங்க, கீழ சொல்ற பாதி வைத்தியத்துக்கு அதுதான் மூலம். ரெண்டாவது, எப்ப மாத்தறீங்கங்கறது. தை மாசியில கொள்முதல் நடக்கறப்ப இந்த வேலையைத் தொடவே கூடாது, ஐப்பசி கார்த்திகையில மழையும் கரண்ட் கட்டும் இருக்கும், பாதி லோடு ஆகறப்ப மெஷின் அணைஞ்சா மறுபடி முதல்லேருந்து. சித்திரை கடைசியிலேருந்து மேட்டூர் தொறக்கற ஜூன் 12-க்குள்ள முடிச்சிட்டா நிம்மதி, கடையிலயும் ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். செவப்பு எழுத்துல எரர் வந்தா பயப்பட வேண்டாம், அது எங்க தப்புன்னு அதுவே சொல்லிடுது. எரரே வராம உள்ள போயி ஒருத்தர் பேரையோ கணக்கையோ மாத்திட்டு உக்காந்திருக்கே, அதைத்தான் தேடணும். அதனால அந்த மாதிரி இடத்துல நிறைய எழுதியிருக்கேன், மத்ததை சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்.

பிஜிலோடர் கனெக்டே ஆகல

பிஜிலோடர்ங்கறது மைஎஸ்க்யூஎல்லேருந்து டேட்டாவை எடுத்து போஸ்ட்கிரஸ்ல ஏத்தற டூல். பழைய சர்வர் மைஎஸ்க்யூஎல் 8-ஆ இருந்தா பெரும்பாலும் பாஸ்வேர்டு சரிபாக்கற முறைதான் காரணம். 8-லேருந்து டீஃபால்டா கேச்சிங்-ஷா2 முறை வந்திடுச்சு, பிஜிலோடர் அதோட பேச மாட்டேங்குது. மாத்தறதுக்குன்னே தனியா ஒரு யூசர் போடுங்க, அவருக்கு மட்டும் மைஎஸ்க்யூஎல்-நேட்டிவ்-பாஸ்வேர்டு முறை வைங்க, படிக்கற உரிமை மட்டும் குடுங்க, வேலை முடிஞ்சதும் அந்த யூசரை எடுத்திடுங்க. 8.4-ல இந்த முறை அணைச்சு வச்சிருக்கும், கான்ஃபிக்ல தொறந்து விடணும். 9.0-ல சுத்தமா இல்ல, அப்ப டேட்டாவை ஒரு 8.0 சர்வர்ல இறக்கி அங்கேருந்து எடுக்கறதுதான் வழி.

தமிழ்ப் பேரெல்லாம் குப்பையா தெரியுது

நம்ம ஊர்ல இதுதான் முதல் அதிர்ச்சி. பேரு இருக்க வேண்டிய இடத்துல தலைக்கு மேல சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்ட ரிஜிஸ்டர்டு குறி, மறுபடி ஏ, மறுபடி அதே குறி. அப்படி இருந்தா சந்தோஷப்படுங்க, டேட்டா போகல. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ங்கற யூனிகோட் சேமிப்பு முறையில மூணு பைட். முதல் பைட் எப்பவும் ஹெக்ஸ்ல ஈ0, ரெண்டாவது ஏஈ இல்லாட்டி ஏஎஃப். இந்த மூணு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தா படிச்சா ஈ0 அந்த சாய்கோடு ஏ, ஏஈ அந்த வட்ட ஆர். அதனாலதான் எந்தத் தமிழ்ப் பேரா இருந்தாலும் ஒரே மாதிரி குப்பை வருது.

ஆனா எங்க தப்பா படிச்சுதுங்கறதுல மூணு வகை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்காம வைத்தியம் பண்ணினா இருக்கறதும் கெட்டுடும். பழைய டேட்டாபேஸ்ல கமலான்னு ஒரு பேரு இருக்கற வரிசையை (ரோவை) எடுங்க, கேர்-லெங்த், லெங்த் ரெண்டையும் கேளுங்க. முதலாவது எழுத்து எண்ணிக்கை, ரெண்டாவது பைட் எண்ணிக்கை. க, ம, ல, கால், ஆக நாலு எழுத்து, பன்னண்டு பைட்.

4-ம் 12-ம் வந்தா பழைய டேட்டா சரியா இருக்கு, எடுக்கறப்ப கனெக்ஷனோட கேரக்டர் செட் தப்பு. யுடிஎஃப்8எம்பி4-னு (மைஎஸ்க்யூஎல்ல முழு யுடிஎஃப்-8க்கு இதான் பேரு) வச்சு மறுபடி எடுத்தா போதும்.

12-ம் 12-ம் வந்தா அந்தப் பேரு இருக்கற காலம் (நேரம் இல்ல, டேபிளோட பத்தி) லத்தீன்1-னு, அதாவது எழுத்துக்கு ஒரு பைட் வைக்கற பழைய முறைன்னு சொல்லி வச்சிருக்கு, உள்ள இருக்கறது உண்மையான யுடிஎஃப்-8 பைட். பழைய பிஹெச்பி அப்ளிகேஷன்ல இதுதான் சகஜம். அந்தக் காலத்தை முதல்ல வேர்பைனரி (வெறும் பைட்டா வைக்கற டைப்) ஆக்குங்க, அப்புறம் யுடிஎஃப்8எம்பி4 வேர்கேர் ஆக்குங்க. நேரா லத்தீன்1-லேருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு மாத்தினீங்கன்னா மைஎஸ்க்யூஎல் உதவி பண்றதா நெனச்சு ஒவ்வொரு பைட்டையும் கன்வர்ட் பண்ணி மூணாவது வகையில கொண்டுபோய் விட்டுடும்.

12-ம் 25-ம் வந்தா அதுதான் மூணாவது வகை, ரெண்டு தடவை கன்வர்ட் ஆனது. பேரை லத்தீன்1-க்கு கன்வர்ட் பண்ணி, அதை பைனரியா காஸ்ட் பண்ணி, மறுபடி யுடிஎஃப்8எம்பி4-க்கு கன்வர்ட் பண்ணணும், மூணும் ஒரே செலக்ட்லயே எழுதலாம். அதோட ரிசல்ட்டைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் அப்டேட் பண்ணுங்க, அதுவும் காப்பியில.

இதை மைஎஸ்க்யூஎல் உள்ளயே முடிச்சிடுங்க, வெளிய எடுத்து பைத்தான்ல சரி பண்ணிக்கலாம்னு போகாதீங்க. நான் போனேன், ஒரு ராத்திரி முழுக்க போச்சு. மைஎஸ்க்யூஎல் லத்தீன்1-னு சொல்றது உண்மையில விண்டோஸோட 1252 அட்டவணை. அந்த அட்டவணையில அஞ்சு இடம் காலி. அந்தக் காலி இடத்துல வந்து விழறது எந்தத் தமிழ் எழுத்தோட கடைசி பைட்னு பாத்தா, புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ. தமிழ்ல புள்ளியும் உகரமும் இல்லாத பேரு எத்தனை இருக்கும்? மைஎஸ்க்யூஎல் அந்தக் காலி இடத்தை தானே ஒரு மாதிரி நிரப்பி வச்சுக்குது, அதனால போயிட்டு திரும்பி வர்றப்ப கெடாது. பைத்தானோட 1252 அங்க எரர் குடுக்கும், எரரை இக்னோர் பண்ணச் சொன்னா பைட்டைத் தூக்கிப் போட்டுடும், முருகன் பேரும் முத்துசாமி பேரும் ஒடஞ்சு நிக்கும், கமலா மட்டும் நல்லா இருப்பாங்க. டெஸ்டுக்கு கமலாவை மட்டும் பாத்துட்டு நான் சரியாச்சுன்னு விட்டதுதான் என் தப்பு. புள்ளியும் உகரமும் இருக்கற பேரை வச்சு டெஸ்ட் பண்ணுங்க.

குப்பைக்குப் பதிலா வரிசையா கேள்விக்குறியா இருந்தா, பழைய டேட்டாபேஸ்ல ஹெக்ஸ் போட்டுப் பாருங்க. 3எஃப் 3எஃப்னு வந்தா அந்தப் பேரு நிஜமாவே போயிடுச்சு, எந்தக் கமாண்டும் கொண்டுவராது, பழைய பேக்கப் இல்லாட்டி கடையில இருக்கற ரசீது புக்தான். ஈ0-வுல ஆரம்பிச்சா போகல, மேல சொன்ன கனெக்ஷன் கதைதான்.

புது டேட்டாபேஸை என்கோடிங் யுடிஎஃப்8-னு சொல்லித்தான் உருவாக்கணும். எஸ்க்யூஎல்-ஆஸ்கின்னு இருந்துச்சுன்னா அது எதையும் செக் பண்ணாம எல்லாத்தையும் வாங்கிக்கும், கெட்டது உள்ள போனதே தெரியாது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி வச்ச பேருங்க வேற ரகம். அது ஆங்கில எழுத்தாத்தான் சேமிச்சிருக்கும், டேட்டாபேஸ் மாத்தறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கன்வர்ட்டர் போட்டு தனியா மாத்தணும்.

ரிப்போர்ட்ல கும்பகோணம் ரெண்டு தடவை வருது

ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். 'கோ'வுல இருக்கற ஓகாரக் குறியை ஒரே கோட்பாயின்டாவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் எழுதலாம். பழைய கீபோர்டு சிலது ரெண்டா அடிக்கும், போன் ஒண்ணா அடிக்கும். மைஎஸ்க்யூஎல்ல யூனிகோட் கோலேஷன் (எழுத்தை ஒப்பிடற விதி) இருந்தா ஒப்பிடறப்ப ரெண்டையும் ஒண்ணா பாத்திருக்கலாம், போஸ்ட்கிரஸ் டீஃபால்டா பைட் வித்தியாசம் இருந்தா வேறன்னு சொல்லிடும். போஸ்ட்கிரஸ் 13-லேருந்து நார்மலைஸ்னு ஃபங்ஷன் இருக்கு, ஊர், பேரு காலத்தையெல்லாம் அதுல என்எஃப்சிங்கற சேத்து எழுதற வடிவத்துக்கு ஒரு தடவை அப்டேட் பண்ணுங்க, புதுசா வர்ற என்ட்ரியையும் சேமிக்கறதுக்கு முன்னாடி அப்படியே மாத்துங்க. ஒகாரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

எல்லாரும் குறுவை போட்டதா காட்டுது

இதுக்கு எரரே வராது. பழைய டேபிள்ல போகம்னு ஒரு காலம், குறுவைன்னா 1, சம்பான்னா 2, தாளடின்னா 3, டைப் டைனியின்ட் 1. எழுதினவங்க சின்ன நம்பர்தானேன்னு அப்படி வச்சிருக்காங்க, தப்புன்னு சொல்ல முடியாது. பிஜிலோடர் டைனியின்ட் 1-னு பாத்தா அது ஆமா இல்லன்னு சொல்ற பூலியன்னு முடிவு பண்ணிக்கும், 0-வை பொய், மத்தது எல்லாத்தையும் உண்மைன்னு மாத்திடும். 1, 2, 3 மூணும் உண்மை ஆயிடுச்சு, அப்ளிகேஷன் அதை 1-னு படிச்சு ஸ்கிரீன்ல குறுவைன்னு காட்டுச்சு.

கடையில கணக்கு எழுதற அக்காதான் கண்டுபிடிச்சாங்க. "தம்பி, தை மாசம் வந்த நெல்லுக்கு குறுவைன்னு போட்டிருக்கே, நான் ஒண்ணும் அப்படி எழுதலையே"ன்னு போன்ல கேட்டாங்க. குறுவை அறுவடை புரட்டாசி ஐப்பசியிலயே முடிஞ்சிடும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனா நான் வரிசை எண்ணிக்கையைத்தான் சரிபாத்தேனே ஒழிய உள்ள என்ன இருக்குன்னு பாக்கல. எண்ணிக்கை ஒண்ணுகூட குறையல.

லோடு பண்றதுக்கு முன்னாடின்னா பிஜிலோடர் கமாண்ட் ஃபைல்ல காஸ்ட் பகுதியில டைப் டைனியின்ட் டு ஸ்மால்இன்ட் டிராப் டைப்மாட்னு எழுதிடுங்க, உண்மையிலயே பூலியனா இருக்கற காலத்தை மட்டும் பேர் சொல்லி தனியா பூலியனாக்குங்க. எது எதுன்னு தெரியணும்னா பழைய டேட்டாபேஸ்ல ஒவ்வொரு டைனியின்ட் காலத்துக்கும் டிஸ்டிங்ட் போட்டு என்னென்ன மதிப்பு இருக்குன்னு பாருங்க, 2 இருந்தா அது பூலியன் இல்ல. லோடு ஆயி கடையில என்ட்ரியும் போட ஆரம்பிச்சிட்டாங்கன்னா, புது டேபிள்ல அந்தக் காலத்தை ஸ்மால்இன்ட்டா மாத்தி, பழைய டேட்டாபேஸ்லேருந்து ஐடியையும் போகத்தையும் மட்டும் எடுத்து தனி டேபிள்ல போட்டு, ஐடி வச்சு அப்டேட் பண்ணுங்க. மாத்தின நாளுக்கு அப்புறம் வந்த என்ட்ரிக்கு அந்தக் கணக்கு அக்காகிட்டதான் கேட்டு எழுதணும், நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

பாக்கி லிஸ்ட் காலியா வருது இல்லாட்டி எரர் அடிக்குது

பணம் குடுத்த தேதி இன்னும் இல்லேங்கறதுக்கு பழைய அப்ளிகேஷன்ல தேதியை பூஜ்யமா, வருஷம் மாசம் நாள் எல்லாமே சைபரா வச்சிருப்பாங்க. போஸ்ட்கிரஸ்ல அப்படி ஒரு தேதி கிடையாது. பிஜிலோடர் அதை நல் (மதிப்பே இல்லைங்கற குறி) ஆக்கி உள்ள விட்டுடும், அது சரிதான், ஆனா கோடுல பூஜ்யத் தேதிக்கு சமமான்னு கேக்கற கொயரி அப்படியே இருக்கும், அங்கதான் உடையும். எல்லா இடத்துலயும் இஸ் நல்னு மாத்துங்க. பிஹெச்பி பக்கம் பூஜ்யத் தேதியை ஒப்பிடற இஃப் இருந்தா அது எரர் குடுக்காம பொய்யாயி, பாக்கி இருக்கறவருக்கு பணம் குடுத்தாச்சுன்னு காட்டும், அதையும் தேடி மாத்துங்க. இன்னொண்ணு, வரிசைப்படுத்தறப்ப மைஎஸ்க்யூஎல் நல்லை மேல வைக்கும், போஸ்ட்கிரஸ் கீழ வைக்கும். பாக்கிக்காரங்க மேல இருக்கணும்னா நல்ஸ் ஃபர்ஸ்ட் சேக்கணும்.

நேரம் அஞ்சரை மணி தள்ளி இருக்கு

எந்தப் பக்கம் தள்ளியிருக்குன்னு பாருங்க. காலையில 4 மணிக்கு போட்ட எடை என்ட்ரி முந்தின நாள் ராத்திரி 10.30-ன்னு காட்டினா, அது டைம்ஸ்டாம்ப் காலம், டம்ப்ல (டேட்டாபேஸை ஃபைலா எடுத்ததுல) யுடிசியா, அதாவது நம்மளுக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கற உலகப் பொது நேரமா வெளிய வந்தது, அதை இந்திய நேரம்னு நெனச்சு படிக்கறீங்க. அதே என்ட்ரி 9.30-ன்னு காட்டினா டேட்டைம் காலம், உள்ள இருந்தது இந்திய நேரம்தான், லோடு பண்றப்ப செஷன் டைம்சோன் யுடிசியா இருந்திருக்கு. இந்த ரெண்டாவது வகைக்கு லோடு பண்ற செஷன்ல டைம்சோனை ஏசியா/கொல்கத்தான்னு வச்சு மறுபடி ஏத்தினா சரியாயிடும். மொத்தமா அஞ்சரை மணியைக் கூட்டிக் கழிக்காதீங்க, ஒரே டேபிள்ல ரெண்டு வகைக் காலமும் இருக்கும், ஒண்ணை சரி பண்ணி இன்னொண்ணை கெடுத்துடுவீங்க. விடியக்காலை என்ட்ரி தேதியே மாறிப் போறதால தினசரி மூட்டைக் கணக்கும் மாறும், அதை மறக்காதீங்க.

புதுசா சேவ் பண்ணினா டூப்ளிகேட் கீ, கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாகுது

தானா சரியாகல. பழைய ஐடியோட வரிசைங்க உள்ள வந்திடுச்சு, ஆனா அடுத்த நம்பர் குடுக்கற சீக்வன்ஸ் 1-லயே நிக்குது. ஒவ்வொரு தடவை எரர் வர்றப்பவும் அந்த நம்பர் ஒண்ணு ஏறும், ரோல்பேக் ஆனாலும் எறங்காது. 40 வரிசை இருக்கற சின்ன டேபிள்ல 41-வது தடவை உள்ள போயிடும், ஆயிரக்கணக்குல இருக்கற டேபிள்ல போகவே போகாது. செட்வேல்ல அந்த டேபிளோட சீக்வன்ஸையும் மேக்ஸ் ஐடியையும் குடுங்க, எந்த சீக்வன்ஸ்னு தெரியலைன்னா பிஜி-கெட்-சீரியல்-சீக்வன்ஸ் சொல்லும். எல்லா டேபிளுக்கும் செய்யணும்.

நிறைய பேருக்கு ஒரே போன் நம்பர்

2147483647 இல்லாட்டி 4294967295-னு இருந்தா அது யாரோட நம்பரும் இல்ல, இன்ட் காலத்தோட உச்ச வரம்பு. பத்து இலக்க மொபைல் நம்பர் அதுல கொள்ளாம, ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்க்யூஎல் எப்பவோ சத்தமில்லாம வெட்டியிருக்கு. மாத்தறதுனால வந்த பிழை இல்ல, மாத்தறப்ப தெரிய வந்த பிழை. அந்த நம்பரெல்லாம் மறுபடி ஆளுங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கணும். புது டேபிள்ல போன் நம்பரை டெக்ஸ்ட்டா வைங்க. அப்புறம் கொயரியில மேற்கோள் குறி இல்லாம நம்பரா குடுத்தா ஆபரேட்டர் இல்லைன்னு போஸ்ட்கிரஸ் சொல்லும், பாராமீட்டரை ஸ்ட்ரிங்கா அனுப்புங்க.

பெரிய தொகையில கடைசி இலக்கம் மாறுது

தொகையை ஃப்ளோட் காலத்துல வச்சிருந்தா மைஎஸ்க்யூஎல் வெளிய காட்டறப்ப ஆறு இலக்கம்தான் சரியா காட்டும். உள்ள 12,34,567 இருந்தாலும் டம்ப்ல 12,34,570-னு வரும். மூணு ரூவாதானேன்னு விடாதீங்க, அது ஒரு விவசாயியோட பணம். எடுக்கறதுக்கு முன்னாடி பழைய டேட்டாபேஸோட காப்பியில அந்தக் காலத்தை ரெண்டு தசமத்தோட டெசிமல் ஆக்கிட்டு, அதுலேருந்து எடுங்க. 1,67,77,216-க்கு மேல போன தொகைன்னா ஃப்ளோட்ல சேமிக்கறப்பவே ரூவா தப்பியிருக்கலாம், அதுக்கு ரசீதுதான் சாட்சி. நெலத்தோட பரப்பும் அப்படித்தான். ஒரு மா 33 சென்ட் சொச்சம், அதை ஏக்கராக்கி ஃப்ளோட்ல வச்சு இருபது மாவைக் கூட்டினா ஒரு வேலிக்கு இடிக்கும். நான் குழியா, முழு எண்ணா வச்சிட்டேன், மாவுக்கு நூறு குழி, காட்டறப்ப ஏக்கர் ஆக்கிக்கறேன்.

லாகின் ஆகல, தேடினா வரல

மைஎஸ்க்யூஎல்லோட டீஃபால்ட் கோலேஷன் பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது, போஸ்ட்கிரஸ் பாக்கும். ஈமெயில் காலத்தை சிஐடெக்ஸ்ட் (பெரிய சின்ன எழுத்து பாக்காத டைப்) ஆக்குங்க, இல்லாட்டி லோயர் போட்டு ஒப்பிட்டு அதுக்கே யுனிக் இன்டெக்ஸ் வைங்க. தமிழ்ப் பேரு தேடி வரலைன்னா கடைசியில ஸ்பேஸ் ஒட்டியிருக்கான்னு பாருங்க, மைஎஸ்க்யூஎல்லோட பழைய கோலேஷன் அதைக் கண்டுக்காது. ட்ரிம் பண்ணி ஒரு அப்டேட் போதும்.

லிஸ்ட்ல வரிசை மாறி மாறி வருது, இல்லாட்டி ரொம்ப ஸ்லோ

ஆர்டர் பை இல்லாத கொயரி. பழைய இடத்துல ஐடி வரிசையில வந்தது பழக்கம், உத்தரவாதம் இல்ல. போஸ்ட்கிரஸ்ல ஒரு வரிசையை எடிட் பண்ணினா அது வேற இடத்துக்குப் போயிடும், அதான் குதிக்குது. ஆர்டர் பை ஐடின்னு எழுதுங்க. ஸ்லோன்னா லோடு முடிஞ்சதும் அனலைஸ் (டேபிள்ல என்ன எவ்வளவு இருக்குன்னு போஸ்ட்கிரஸ் கணக்கெடுக்கற கமாண்ட்) ஓட்டினீங்களான்னு பாருங்க, பாதிப் பேரு அதை மறந்துட்டு சர்வரைக் குறை சொல்றாங்க.

எல்லாம் சரின்னு எப்ப சொல்றது

எண்ணிக்கை மட்டும் போதாதுன்னு குறுவையில பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போகத்துக்கும் தனியா மூட்டை எத்தனை, மொத்த எடை எவ்வளவு, மொத்தத் தொகை எவ்வளவு, மொத தேதி கடைசி தேதி என்னன்னு எடுத்து பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். தொகை ஒரு ரூவா இடிச்சாலும் நிறுத்திட்டு தேடறேன். அப்புறம் கடையில உக்காந்து, பத்து விவசாயியோட ரசீதை புக்லேருந்து கண்ணை மூடி எடுத்து ஸ்கிரீனோட ஒத்துப் பாக்கறோம், அக்கா படிப்பாங்க, நான் பாப்பேன், அடுத்த பத்துக்கு மாத்திக்குவோம். பழைய டேட்டாபேஸ் ஒரு குறுவை, ஒரு சம்பா, ஒரு தாளடி முழுசா புதுசுல ஓடி கணக்கு முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், அந்த மாசி முடிஞ்சப்புறம் கடைசியா ஒரு டம்ப் எடுத்து பென்டிரைவ்ல போட்டு கடைக்காரர் கையில குடுத்துட்டு நிறுத்துங்க.